கையால் திருப்பும் லென்ஸை ஏன் நிறுத்திவிடுகிறார்கள்?

2000-களின் தொடக்கத்தில் ஜப்பானின் கோசினா நிறுவனம் ஒரு மேக்ரோ லென்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஃபோக்ட்லாண்டர் மேக்ரோ அப்போ-லாந்தார் 125 மி.மீ. எஃப்/2.5 என்று நீளமான பெயர். ஒரு சின்ன வண்டை அதன் உண்மையான அளவிலேயே ஃபிலிமில் பதியவைக்கும் திறன் அதற்கு இருந்தது. ஆட்டோஃபோகஸ் கிடையாது, மோட்டார் கிடையாது. வளையத்தை விரலால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கடைகளில் இருந்த காலத்தில் அதைத் தேடி வாங்கியவர்கள் சிலர்தான். சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோனது. அதற்குப் பிறகு பழைய லென்ஸ் சந்தையில் அதன் விலை, புதிதாக விற்ற விலையைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானைக்கு இறந்த பிறகுதான் ஆயிரம் பொன் தேறியது.

இந்த ஒரு லென்ஸுக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை இது. நிக்கானின் நாக்ட், லைக்காவின் முதல் நாக்டிலக்ஸ், கான்டாக்ஸ் கேமராவுக்காக வந்த ஸைஸ் 21 மி.மீ. டிஸ்டகான் என்று வரிசை நீளம். எல்லாரும் மெச்சுகிற ஒரு பொருளை, அதைச் செய்யத் தெரிந்த கம்பெனியே ஏன் கைவிடுகிறது? லாபம் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் ஏன் லாபம் வராமல் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் பார்த்தவரையில், ஒரு லென்ஸ் நிறுத்தப்படுவதற்கும் அதன் தரத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. அதை மாட்டுகிற கேமரா, அதற்குள் போகிற கண்ணாடி, அதைத் தேய்க்கிற கை, இவற்றில் ஏதாவது ஒன்று முதலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. லென்ஸ் பின்னாலேயே போகிறது.

முதலில், இந்த லென்ஸ்கள் மேல் இவ்வளவு மோகம் எதற்கு என்று பார்த்துவிடலாம். வெறும் பழம்பெருமை என்று ஒதுக்க முடியாது.

கையால் ஃபோகஸ் செய்யும் நல்ல லென்ஸைத் திருப்பிப் பார்த்தால் வளையம் தடதடவென்று ஓடாது, சிக்கவும் செய்யாது. ஒரே சீரான எதிர்ப்போடு விரலுக்குப் பணியும். உள்ளே இரண்டு உலோகக் குழாய்கள் மிக நுண்ணிய மரைகளால் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். இடையில் கெட்டியான கிரீஸ். வளையம் சுழலச் சுழல கண்ணாடித் தொகுதி முன்னும் பின்னும் நகரும். மரையின் சரிவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நுட்பமாக நகர்த்தலாம். அப்போ-லாந்தார் 125-இல் முடிவிலியிலிருந்து மிகக் கிட்டத்துக்கு வர வளையத்தை ஏறத்தாழ ஒன்றே முக்கால் சுற்று சுற்ற வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது எரிச்சல். ஆனால் பூச்சியின் கண்ணைப் படமெடுக்கும்போது கணக்கே வேறு. உண்மை அளவில், எஃப்/2.5-இல், தெளிவாக விழும் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணில் ஃபோகஸ் இருந்தால் மீசையில் இருக்காது. அந்த அரை மில்லிமீட்டருக்குள் நின்று நிதானமாகத் தேட நீளமான சுற்று கட்டாயம் வேண்டும்.

அடுத்தது நிறம். வெள்ளை ஒளி கண்ணாடிக்குள் புகும்போது ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு அளவு வளைகிறது. அதனால் நீலம் ஓர் இடத்திலும் சிவப்பு வேறோர் இடத்திலும் குவியும். சாதாரண லென்ஸ் இரண்டு நிறங்களை ஒரே இடத்தில் குவித்துவிட்டு மிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும். இருட்டான பின்னணியில் ஒரு மல்லிகை மொட்டை வைத்துப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மொட்டின் ஓரத்தில், ஃபோகஸுக்கு முன்னே இருக்கும் விளிம்பில் ஊதாவும் பின்னே இருக்கும் விளிம்பில் பச்சையும் மெல்லிசாகப் படர்ந்திருக்கும். வெள்ளி நகை, கண்ணாடிக் குடுவை, ஈரமான இலை என்று பளபளக்கிற எதிலும் இது தெரியும். பெயரில் 'அப்போ' என்று வருகிற லென்ஸ்கள் மூன்று நிறங்களை ஒரே புள்ளிக்குக் கொண்டுவர வடிவமைக்கப்பட்டவை. அதற்குச் சாதாரணக் கண்ணாடி போதாது. ஒளியை விசித்திரமான விகிதத்தில் பிரிக்கிற, விலை கூடிய, தேய்ப்பதற்குச் சிரமமான கண்ணாடி வகைகள் வேண்டும். அப்போ-லாந்தாரில் எடுத்த மொட்டு வெள்ளையாகவே இருக்கும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்பதற்குத்தான் ஆட்கள் சொத்தை எழுதிக்கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு நல்ல பொருளுக்கு என்ன கேடு வந்தது?

1985-இல் மினோல்டா கம்பெனி ஆட்டோஃபோகஸ் உள்ள எஸ்.எல்.ஆர். கேமராவைக் கொண்டுவந்து சந்தையைப் புரட்டிப்போட்டது. ஆட்டோஃபோகஸ் என்பது லென்ஸில் கூடுதலாக ஒட்டவைத்த ஒரு வசதி மட்டும் இல்லை. லென்ஸின் உடம்பையே அது மாற்றியது. சின்ன மோட்டார் கனமான கண்ணாடியை இழுக்க வேண்டும், அதுவும் ஒரு நொடிக்குள். அதனால் மரை லேசாக ஓட வேண்டும், கெட்டி கிரீஸ் ஆகாது, சுற்று குறைவாக இருக்க வேண்டும். கால் சுற்றுக்குள் எல்லாம் முடிந்துவிடும் லென்ஸில் கையால் ஃபோகஸ் செய்வது ஒப்புக்குச் செய்கிற வேலைதான். இன்றைய பல மிரர்லெஸ் லென்ஸ்களில் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. வளையம் மின்னணுவுக்கு ஒரு செய்தி சொல்லும், மோட்டார் நகர்த்தும். குழந்தையின் பின்னால் ஓடிப் படமெடுப்பவருக்கு இது வரப்பிரசாதம், அதை மறுக்க முடியாது. வாங்குகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்தப் பக்கம்தான் நின்றார்கள். அங்கேயே பாதிக் கணக்கு முடிந்துவிட்டது.

மீதிப் பாதி மவுண்டில் இருக்கிறது. கேமராவோடு லென்ஸ் பூட்டிக்கொள்ளும் உலோக வளையத்தைத்தான் மவுண்ட் என்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி மவுண்ட். அந்த வளையத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரமும் தனித்தனி. நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ., கேனனின் பழைய எஃப்.டி. மவுண்டில் 42 மி.மீ. 1987-இல் ஆட்டோஃபோகஸுக்காக கேனன் தன் எஃப்.டி. மவுண்டைத் தூக்கி எறிந்துவிட்டு இ.எஃப். என்ற புது மவுண்டுக்கு மாறியது. புதியதில் தூரம் 44 மி.மீ. வித்தியாசம் வெறும் 2 மி.மீ.தான். ஆனால் பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் வைத்தால் சென்சாரை விட்டு 2 மி.மீ. கூடுதலாகத் தள்ளி நிற்கும். மலையும் நிலவும் ஃபோகஸில் வரவே வராது. நடுவில் இன்னொரு கண்ணாடி வைத்துச் சரிக்கட்டலாம், ஆனால் படத்தின் தரம் கெடும். ஒரே முடிவில் கேனனின் கைஃபோகஸ் லென்ஸ்கள் அத்தனையும் அநாதையாகிவிட்டன. எஃப்.டி. லென்ஸ்களில் பணத்தைக் கொட்டியிருந்தவர்கள் பல ஆண்டுகள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். கேனன் செய்தது வியாபாரத்தில் சரியான முடிவுதான் என்பது பிறகு தெளிவானது. புலம்பலில் இருந்த நியாயம் அதனால் குறைந்துவிடவில்லை.

நிக்கான் வேறு வழியில் போனது. 1959-இல் தொடங்கிய எஃப் மவுண்டையே ஆட்டோஃபோகஸ் காலத்திலும் வைத்துக்கொண்டது. அதனால் அதன் கைஃபோகஸ் லென்ஸ்கள் இன்னும் இருபது ஆண்டுகள் ஓடின. 2006 ஜனவரியில் நிக்கான் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: பெரும்பாலான ஃபிலிம் கேமராக்களையும் பெரும்பாலான கைஃபோகஸ் லென்ஸ்களையும் நிறுத்துகிறோம். விரல் விட்டு எண்ணக்கூடிய சில லென்ஸ்கள் மட்டும் தப்பின. அவற்றில் 50 மி.மீ. எஃப்/1.2 அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் விற்பனையில் இருந்தது. மவுண்ட் உயிரோடு இருந்ததுதான் அதன் ஆயுளின் ரகசியம்.

இப்போது அப்போ-லாந்தார் 125-க்குத் திரும்பி வந்தால் அதன் ஜாதகம் புரிந்துவிடும். கோசினா தானாகக் கேமரா உலகை ஆண்ட கம்பெனி இல்லை. நாகானோ மாநிலத்தில் உள்ள நகானோ என்ற ஊரில், பிற கம்பெனிகளுக்குக் கேமராவும் லென்ஸும் செய்து கொடுத்து வளர்ந்த தொழிற்சாலை. 1756-இல் வியன்னாவில் பிறந்த ஃபோக்ட்லாண்டர் என்ற பழம்பெயரை 1999-இலிருந்து தன் பொருள்களுக்குச் சூட்டிக்கொண்டது. (அந்தப் பெயருக்கு ஒரு கனம் உண்டு. 1840-இல் ஜோசஃப் பெட்ஸ்வால் கணித்த உருவப்பட லென்ஸைச் செய்து விற்றது அந்த வியன்னா கம்பெனிதான்.) சொந்தமாக எஸ்.எல்.ஆர். சாம்ராஜ்யம் இல்லாததால் கோசினா இந்த 125-ஐ நிக்கான், கேனன், பென்டாக்ஸ், ஒலிம்பஸ், மினோல்டா, கான்டாக்ஸ் என்று ஊரார் மவுண்டுகளுக்கெல்லாம் செய்தது. ஏற்கெனவே குறைவாக விற்கும் லென்ஸ், அதிலும் ஆறேழு துண்டாகப் பிரிந்தது. எந்த மவுண்டுக்கு எத்தனை செய்வது என்று தீர்மானிப்பதே தலைவலி. அதோடு அந்த மவுண்டுகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. ஒலிம்பஸ் தன் ஓ.எம். கேமரா வரிசையை 2002-இல் முடித்துக்கொண்டது. கான்டாக்ஸ் கேமராக்களைச் செய்துவந்த கியோசெரா 2005-இல் அந்தக் கடையைக் கட்டியது. 2006-இல் கோனிகா மினோல்டா கேமரா தொழிலைவிட்டே வெளியேறியது. கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளி, பந்தலைப் பிரிக்கிற நேரத்தில் வந்து நின்ற மாதிரி ஆனது அந்த லென்ஸின் கதி.

இன்னொரு சிக்கல் அதிகம் பேசப்படுவதில்லை. பழைய கைஃபோகஸ் கேமராக்களின் வியூஃபைண்டரில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். ஃபோகஸ் தவறினால் அதற்குள் உருவம் இரண்டாகப் பிளந்து தெரியும், சரியானதும் ஒன்றுசேரும். ஆட்டோஃபோகஸ் கேமராக்களில் அதை எடுத்துவிட்டார்கள். காட்சி வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று திரையின் தன்மையையும் மாற்றினார்கள். அந்தத் திரையில் எஃப்/1.4 லென்ஸும் கிட்டத்தட்ட எஃப்/2.8 மாதிரிதான் தெரியும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த படம் கம்ப்யூட்டரில் திறந்தால் மங்கலாக இருக்கும். முதல் தலைமுறை டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.களில் சென்சார் சின்னது. அதனால் வியூஃபைண்டரும் ஜன்னல் மாதிரி சுருங்கிப்போனது. நல்ல கைஃபோகஸ் லென்ஸை மாட்டிவைத்துக்கொண்டு அதைச் சரியாகப் பயன்படுத்த முடியாமல் திண்டாடிய காலம் அது. படத்தைப் பின்திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் பார்க்கும் லைவ் வியூ வசதி 2007-ஐ ஒட்டித்தான் நிக்கான், கேனனின் நல்ல கேமராக்களில் பரவலானது. மேக்ரோ லென்ஸுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அதற்குள் 125 நின்றுபோயிருந்தது.

இனி கண்ணாடி. லென்ஸ் கம்பெனிகள் பெரும்பாலும் கண்ணாடியைத் தாங்களே உருக்குவதில்லை. ஜெர்மனியின் ஷாட், ஜப்பானின் ஓஹாரா, ஹோயா போன்றவை உருக்கித் தருகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். ஒவ்வொன்றும் ஒளியை இவ்வளவு வளைக்கும், நிறங்களை இவ்வளவு பிரிக்கும் என்று பல தசம இலக்கம் வரை அளந்து பட்டியலில் போட்டிருப்பார்கள். லென்ஸ் வடிவமைப்பாளர் அந்த எண்களை நம்பித்தான் கணக்குப் போடுகிறார். ஒரு வகைக்கு வாங்குகிறவர் குறைந்தால் உருக்குகிற கம்பெனி அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். அதே இடத்தில் அதற்கு நெருக்கமான இன்னொரு வகையை வைத்தால் ஆகாது. வளைவு, தடிமன், இடைவெளி எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டும். அதாவது புது லென்ஸ் வடிவமைக்கிற செலவு. மாதத்துக்குச் சில நூறு விற்கும் லென்ஸுக்கு எந்தக் கணக்காளர் அதற்குக் கையெழுத்துப் போடுவார்?

1990-களில் இது பெரிய அளவில் நடந்தது. சுற்றுச்சூழல் காரணமாக ஈயமும் ஆர்செனிக்கும் இல்லாத கண்ணாடிகளுக்குத் தயாரிப்பாளர்கள் மாறினார்கள். ஈயம் கலந்த பழைய வகைகள் பல காணாமல் போயின. அதற்கு முந்தைய தலைமுறையில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைக்கூடக் கலந்திருக்கிறார்கள். அது சேர்ந்தால் கண்ணாடி ஒளியை நன்றாக வளைக்கும், நிறத்தை அதிகம் பிரிக்காது. பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸில் தோரியம் உள்ள கண்ணாடி உண்டு. பத்து இருபது ஆண்டுகளில் அது தேநீர் நிறத்துக்குப் பழுத்துவிடும். புற ஊதா வெளிச்சத்தில் சில நாள் வைத்தால் மறுபடி தெளியும். தேய்க்கிற பணியாளர் அந்தத் தூளோடு பழக வேண்டுமே என்பதால் அந்தக் கண்ணாடி கைவிடப்பட்டது சரிதான். அதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம்.

கண்ணாடியைவிட எளிதில் தொலைந்துபோவது கைத்திறன். 1966-இல் லைக்கா வெளியிட்ட நாக்டிலக்ஸ் 50 மி.மீ. எஃப்/1.2, கோளம் அல்லாத வளைவுகள் கொண்ட லென்ஸ். சாதாரண லென்ஸ் பரப்பு ஒரு பந்தின் துண்டு போல இருக்கும். எந்திரம் அதைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துவிடும். கோளம் அல்லாத பரப்பில் வளைவு நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தில் வேறு மாதிரியும் இருக்க வேண்டும். அன்றைக்கு அதைக் கைப்பட மெருகேற்றித்தான் செய்ய முடிந்தது. தேர்ந்த ஆள் வேண்டும், நேரம் வேண்டும், கழிவு ஏராளம். 1975-இல் நிறுத்திவிட்டார்கள். அடுத்து வந்த எஃப்/1 நாக்டிலக்ஸில் அந்த வளைவுகளே கிடையாது. ஒளியை மிக அதிகமாக வளைக்கும் புதிய கண்ணாடியை வைத்து, சாதாரணக் கோளப் பரப்புகளாலேயே சமாளித்தார்கள். கை செய்த வேலையை வேதியியலிடம் ஒப்படைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிக்கானின் நாக்ட் 58 மி.மீ. எஃப்/1.2-உம் அதே வம்சம். 1977-இல் வந்தது. இரவில் தெருவிளக்குகளைப் படமெடுத்தால், வேகமான லென்ஸ்களில் படத்தின் மூலைகளில் உள்ள விளக்குகள் புள்ளியாக விழாமல், பறவை சிறகை விரித்த மாதிரி இழுபட்டு விழும். அதைத் தடுக்கவே முன் கண்ணாடியைக் கோளம் அல்லாத பரப்பாகக் கையால் மெருகேற்றினார்கள். 1990-களின் பிற்பகுதியில் அதுவும் நின்றது. இன்றைக்கு அச்சில் வார்த்தும் கணினி எந்திரத்தில் தேய்த்தும் அந்தப் பரப்புகளை எளிதாகச் செய்கிறார்கள். அச்சில் வார்த்த வளைவுக்கு மட்டும் ஒரு குறை உண்டு. படத்தில் ஃபோகஸ் இல்லாத விளக்கு வட்டங்களுக்குள் சில சமயம் வெங்காயத்தை வெட்டினாற்போல வளையங்கள் தெரியும். கையால் மெருகேற்றிய பழையதைத் தேடி அலைபவர்கள் இதைத்தான் முதலில் சுட்டிக்காட்டுவார்கள்.

கம்பெனிக்காரர் பக்கத்திலிருந்தும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இந்த லென்ஸ்கள் கெட்டுப்போவதில்லை. உள்ளே மின்சுற்று இல்லை, மோட்டார் இல்லை. 1980-இல் செய்த நிக்கார் 105 மி.மீ. எஃப்/2.5 இன்றைக்கும் சுழலும், இன்றைக்கும் கூர்மையாகப் பதியும். 1984-இல் ஆப்கன் அகதிச் சிறுமியை ஸ்டீவ் மெக்கரி படமெடுத்தது அந்த லென்ஸில்தான். இன்று புதிதாக ஒருவர் 105 செய்து விற்க வந்தால் அவருக்குப் போட்டி வேறு கம்பெனி இல்லை, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தன் அப்பா காலத்துத் தொழிற்சாலையில் செய்து தள்ளிய லட்சக்கணக்கான லென்ஸ்கள்தான். நிறுத்தப்பட்ட லென்ஸுக்கு மூன்று மடங்கு விலை கொடுக்கும் ஆர்வலர்களின் பணத்தில் ஒரு பைசாகூடக் கம்பெனிக்குப் போய்ச் சேராது. "இவ்வளவு கிராக்கி இருக்கிறதே, ஏன் திரும்பச் செய்யவில்லை?" என்று கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பத்துப் பேர் ஐந்து லென்ஸுக்கு அடித்துக்கொண்டாலும் விலை ஏறும். அதைப் பார்த்து ஆயிரம் லென்ஸ் செய்து வைத்தால் மீதியை யார் வாங்குவது?

லென்ஸ்கள் தினமும் ஒன்றிரண்டாகச் செய்யப்படுபவை அல்ல. ஒரு தவணைக்கு இத்தனை என்று கண்ணாடியை மொத்தமாக வாங்கி, தேய்த்து, கோட்டிங் கொடுத்து, கோத்து முடிப்பார்கள். அடுத்த தவணைக்கான நேரம் வரும்போது கிடங்கில் இன்னும் சரக்கு இருந்தால் தள்ளிப்போடுவார்கள். இரண்டு முறை தள்ளிப்போட்டால் கதை முடிந்தது. பல லென்ஸ்கள் இப்படித்தான், அறிவிப்பே இல்லாமல் மறைகின்றன. தொழிலும் மொத்தமாகச் சுருங்கிவிட்டது. 2010-இல் ஜப்பானியக் கம்பெனிகள் 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்களை அனுப்பின. 2020-இல் அது 90 லட்சத்துக்கும் கீழே போனது. விழுந்ததில் பெரும்பங்கு, கைப்பேசி விழுங்கிய சின்னக் கேமராக்கள்தான். ஆனால் அந்த வருமானத்தில்தான் ஆராய்ச்சிக்கூடமும் கடைகளும் நடந்தன. வருமானம் போனதும், அதிகம் விற்காத, சிலர் மட்டும் கொண்டாடுகிற சரக்குகள் மேல்தான் முதலில் கத்தி விழுந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, கைஃபோகஸ் லென்ஸ் செத்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. அதற்கு மறுபிறவி கொடுத்தது மிரர்லெஸ் கேமரா. எஸ்.எல்.ஆரில் இருந்த பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ளே இல்லாததால் மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையே தூரம் குறைந்தது: சோனி இ மவுண்டில் 18 மி.மீ., நிக்கான் இஸட்டில் 16 மி.மீ., கேனன் ஆர்.எஃப்.பில் 20 மி.மீ. பழைய கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கேனன் எஃப்.டி. லென்ஸுக்கு வேண்டியது 42 மி.மீ.; சோனி கேமராவில் 18 போக 24 மி.மீ. இடம் மிச்சம். உள்ளே ஒன்றுமே இல்லாத ஓர் உலோகக் குழாயை அந்த இடத்தில் வைத்தால் போதும். 1987-இல் அநாதையான லென்ஸ்கள், சோனி 2010-இல் இறக்கிய என்.இ.எக்ஸ். கேமராவிலும் 2013-இல் வந்த முழுச் சட்ட ஏ7-இலும் எழுந்து உட்கார்ந்தன. மின்னணு வியூஃபைண்டரில் படத்தைப் பெரிதாக்கலாம். ஃபோகஸ் உள்ள விளிம்புகளுக்குச் சிவப்போ மஞ்சளோ பூசிக் காட்டச் சொல்லலாம். அடிமாட்டு விலைக்குப் போய்க்கொண்டிருந்த எஃப்.டி., டாக்குமார், மினோல்டா லென்ஸ்களின் விலை அதற்குப் பிறகுதான் ஏறியது.

சினிமாக்காரர்களும் கூட்டத்தில் சேர்ந்தார்கள். படப்பிடிப்பில் ஃபோகஸை நகர்த்தித் தரும் ஃபோகஸ் புல்லருக்கு நீளமான சுற்றும், வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பும் கட்டாயம். பழைய லைக்கா ஆர், கேனன் எஃப்.டி. லென்ஸ்களின் கண்ணாடியை மட்டும் எடுத்து, பல்சக்கரம் உள்ள பெரிய உலோகக் கூட்டில் பொருத்தித் தருகிற பட்டறைகள் பெருகின. 2009-இல் லைக்கா நிறுத்திய ஆர் வரிசை லென்ஸ்கள் சாதாரணப் புகைப்படக்காரர் கைக்கு எட்டாமல் போனதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

நிறுத்தியதைத் திரும்பச் செய்வதும் நடக்கிறது, ஆனால் மவுண்ட் உயிரோடு இருக்கும் இடத்தில்தான். கியோசெரா கான்டாக்ஸ் கடையை மூடியதும் ஸைஸ் 21 மி.மீ. எஃப்/2.8 டிஸ்டகானை கேனன் டிஜிட்டல் கேமராக்காரர்கள் அடாப்டர் போட்டுப் பொருத்திக்கொண்டு விலையை ஏற்றினார்கள். ஸைஸ் அதைக் கவனித்து, 2008-இல் அதே லென்ஸை நிக்கான், கேனன் மவுண்டுகளுக்காகப் புதுப்பித்துக் கொண்டுவந்தது. செய்துகொடுத்தது கோசினாதான். லைக்காவின் எம் மவுண்ட் 1954-இலிருந்து மாறவே இல்லை. அதனால் 1966-இன் நாக்டிலக்ஸை 2021-இல் திரும்பக் கொண்டுவர முடிந்தது. இந்த முறை அந்த வளைவுகளைக் கையால் தேய்க்க வேண்டிய அவசியம் இல்லை. விலை மட்டும் லைக்கா விலை.

125-க்கும் ஒரு வாரிசு வந்தது. 2018-இல் கோசினா சோனி இ மவுண்டுக்காக அப்போ-லாந்தார் 110 மி.மீ. எஃப்/2.5 மேக்ரோவை வெளியிட்டது. பழையதில் 11 கண்ணாடித் துண்டுகள், இதில் 14. கையால்தான் ஃபோகஸ். ஆனால் மவுண்டில் மின்தொடர்பு உண்டு. வளையத்தைத் தொட்டதும் கேமரா தானாகவே படத்தைப் பெரிதாக்கிக் காட்டும். ஆறேழு மவுண்டுக்குப் பிரித்துச் செய்த பழைய வழியை விட்டு ஒரே மவுண்டில் இறங்கியதில், அவர்கள் பாடம் கற்றது தெரிகிறது. இவர்களுக்குக் கீழே, விலை மலிவான கைஃபோகஸ் லென்ஸ்களைச் சீனத்தின் லாவா, டி.டி.ஆர்டிசான், செவன் ஆர்டிசான்ஸ் போன்ற பெயர்கள் மாதத்துக்கு ஒன்றாக இறக்கிக்கொண்டிருக்கின்றன. லாவாவின் 100 மி.மீ. மேக்ரோ உண்மை அளவைப் போல் இரண்டு மடங்கு பெரிதாக எடுக்கும், அதுவும் 'அப்போ' தான். பழைய 125-க்குக் கொடுக்கும் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். புதிதாக மேக்ரோ தொடங்குகிறவர் 125-ஐத் தேடி அலைய வேண்டியதே இல்லை என்பது என் கட்சி.

பழைய லென்ஸ்கள் எல்லாமே அமிர்தம் என்றும் எண்ண வேண்டாம். சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளப்பட்டது. பின்னணியைச் சுழல வைக்கிறது என்ற ஒரே புகழில் விலை ஏறியது. அந்தச் சுழல் வடிவமைப்பின் குறைதான். குறையாகத் தெரிந்துகொண்டு ரசித்தால் தவறில்லை. ஃபிலிம் காலத்து லைக்கா எம் அகலக் கோண லென்ஸ்களையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. அவற்றின் பின் கண்ணாடி ஃபிலிமுக்கு மிக அருகில் நிற்கும். ஒளி மிகச் சாய்வாக விழும். ஃபிலிமுக்கு அது ஒரு பொருட்டில்லை. சென்சார் மேல் தடித்த வடிகட்டிக் கண்ணாடி இருக்கும் கேமராவில் படத்தின் ஓரங்கள் கரைந்துபோகும், சில லென்ஸ்களில் ஊதா நிறமும் ஏறும்.

வாங்குவதாக இருந்தால் ஒரு கைப்பேசி டார்ச் போதும். லென்ஸை முழுக்கத் திறந்த அப்பெர்ச்சரில் வைத்து, பின்பக்கமிருந்து வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, முன்பக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் ஃபங்கஸ். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரி கடற்கரை ஊர்களில் அலமாரியில் கிடந்த லென்ஸ்களில் இது சர்வசாதாரணம். கோட்டிங்கை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. தூசு இரண்டு துகள் இருந்தால் கவலைப்படாதீர்கள், படத்தில் தெரியாது. பனி படர்ந்தாற்போல மங்கல் இருந்தால் கவலைப்படுங்கள். அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுமினுத்தால் கிரீஸ் உருகி வழிந்திருக்கிறது. வளையத்தை முழுச் சுற்றும் திருப்புங்கள். ஓரிடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் தளர்வும் இருந்தால் மரை அடிவாங்கியிருக்கலாம், அல்லது யாரோ கழற்றித் தப்பாகக் கோத்திருக்கலாம். வீட்டுக்கு வந்ததும், கூடவே கொடுத்த தோல் உறையை முதலில் தூக்கி எறியுங்கள். ஃபங்கஸுக்கு அதைவிடச் சொகுசான வீடு கிடையாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடலாம்.

கேமராவில் மாட்டியதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சென்சார் நடுக்கம் தாங்கும் வசதி உள்ள மிரர்லெஸ் கேமராக்களுக்கு, மின்தொடர்பு இல்லாத லென்ஸ் எத்தனை மி.மீ. என்று தானாகத் தெரியாது. மெனுவுக்குள் போய் அந்த எண்ணை, இல்லாவிட்டால் அதற்கு நெருக்கமான எண்ணைக் கொடுத்துவிடுங்கள். லென்ஸ் மாற்றும்போதெல்லாம் எண்ணையும் மாற்ற வேண்டும். 28 மி.மீ. எண்ணை விட்டுவிட்டு 125-ஐ மாட்டினால் கேமரா நடுக்கத்தைக் குறைத்து மதிப்பிடும். படம் மங்கும், பழி லென்ஸ் மேல் விழும்.